மருந்தும் அளவும்: வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு

மும்பை, புனே, சோலாப்பூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழர்கள் இரயில் வண்டியில் ஊர் திரும்பும்போது, கடப்பையைக் கடந்ததும் வலப்புறத்தில் நீண்டதொரு மலைத்தொடர் உடன் வருவதைக் கண்டிருப்பார்கள். அதுவே சேஷாசல மலைத்தொடர். கோடூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே மாமண்டூர் என்ற சிறு நிலையம் ஒன்று உண்டு. ரேணிகுண்டாவைத் தாண்டினால் புத்தூர், பின்னர் அரக்கோணம். திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலையிலோ, புத்தூரை அடைவதற்கு முன்னரே வடமாலபேட்டை வந்துவிடும். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022-ம் ஆண்டு உண்டான திருப்பதி மாவட்டத்தோடு இணைந்த ஊர் அது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் நாடு இது. கார்வேட்டிநகர ஜமீனின் மலைகளும் காடுகளும் சூழ்ந்த நாடு. வேடர் குலத்துத் திண்ணனாரைக் கண்ணப்பராக உயர்த்திய காளத்தியும் இப்பக்கத்தில்தான் உள்ளது.

இந்த மலைகள் வேட்டைச் சரித்திரத்திலும் இடம் பெற்றவை. பெங்களூரில் வாழ்ந்து 1974-ம் ஆண்டில் மறைந்த கென்னத் ஆண்டர்சன் என்ற வேட்டைக்காரர், 1954-ல் வெளிவந்த தம் முதல் நூலில் சித்தூர் மாவட்டத்துச் சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி ஒரு கதை எழுதினார். மாமண்டூர்க் காட்டுப் புலியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அவர் தோளில் தாங்கியது '405' வின்செஸ்டர் என்ற அமெரிக்கத் துப்பாக்கி. அதன் தோட்டாவில் 300 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் குழலைவிட்டுப் புறப்படும்.

புலிக் கதைகளைப் படிப்பவர்கள் புலியைக் காண்கிறார்கள், வேட்டைக்காரனைக் காண்கிறார்கள். இவ்விருவருக்கும் நடுவே நின்று கதையின் முடிவைத் தீர்மானிக்கும் ஒன்றை மட்டும் பெரும்பாலும் காண்பதில்லை. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தின் அளவும், அந்த அளவு சரியானதுதானா என்று வேட்டைக்கு முன்னரே இலக்குப் பலகையில் சுட்டுப் பார்க்கும் வழக்கமுமே அது. அந்த வழக்கத்தின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்குச் சொற்களின் பிறப்பைத் தேடுவது பழகிப்போன காரியம். 'துப்பாக்கி' என்ற சொல் துருக்கி மொழியிலிருந்து பல நாடுகளைக் கடந்து நம்மிடம் வந்தது. பொருள் வந்தபோது பெயரும் உடன் வந்தது. ஆனால் துப்பாக்கிக்குள் இடும் பொடிக்குத் தமிழர் வேற்றுச் சொல்லைத் தேடவில்லை. 'மருந்து' என்றே பெயரிட்டனர். நோய் தீர்ப்பதும் மருந்து, உயிர் போக்குவதும் மருந்து. முரண்பாடாகத் தோன்றினும் இப்பெயரில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. இரண்டிலும் உயிர் நிற்பது அளவில்தான். குறைந்தால் பயன் இல்லை. மிகுந்தால் கொடுத்தவனுக்கே கேடு.

வில்லின் காலத்திலும் இந்த எண்ணம் நம்மிடம் இருந்தது. கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, உடும்பின் உடலில் சென்று தங்கியதாகப் புறநானூற்றில் ஒரு புலவர் போற்றுகிறார். கவிஞரின் மிகைப்படுத்தலை நீக்கிப் பார்த்தால், அம்பின் வேகம் எத்தனை, அது எவ்வளவு ஆழம் பாயும் என்ற வினாக்களே எஞ்சுகின்றன. வில்லாளிக்கு விடை அவன் தோளிலேயே இருந்தது. நாணை எவ்வளவு இழுக்கிறான் என்பதை அவன் கை அறியும். துப்பாக்கி வந்தபோது அந்த அறிவு கையைவிட்டு நழுவியது. குழலுக்குள் நிகழ்வதைக் கை அறியாது, கண்ணும் காணாது. ஆகவே அதனை அளக்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த வழியைக் கண்டவர் தம் இறுதி நாட்களைத் தமிழ்நாட்டில் கழித்தார் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1707-ம் ஆண்டில் பாத் நகரில் பிறந்தவர். 1742-ல் பீரங்கிக் கலையைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். மேலிருந்து தொங்கும் ஒரு கனமான பலகையின்மீது குண்டைச் சுட்டு, அப்பலகை எவ்வளவு தூரம் பின்னுக்கு ஆடுகிறது என்பதை அளந்து, குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை அதில் விளக்கினார். ஊஞ்சல் ஆடும் தூரத்தைக் கொண்டு தள்ளியவன் வலிமையை அறிவது போன்ற எளிய உபாயம் அது. சாதாரணத் துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது என்பதை அவருடைய சோதனைகள் காட்டின. அத்தகைய வேகத்தில் காற்று குண்டைத் தடுக்கும் விசை, அதுவரை அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிட மிகப் பெரிது என்பதும் தெளிவாயிற்று. ஆய்லர் என்ற பேரறிஞர் அந்நூலை 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விரிவான குறிப்புரையும் சேர்த்தார்.

குழலின் உட்புறத்தில் திருகுபோல வரிகள் வெட்டினால் குண்டு சுழன்று சென்று நேர்வழி தவறாது என்பதன் காரணத்தை விளக்கி, 1747-ல் ராபின்ஸ் ஒரு கட்டுரை வாசித்தார். இவ்வகைத் துப்பாக்கியை முதலில் செம்மையாக்கும் நாடே போர்க்களத்தில் மேலோங்கும் என்றும் முன்னறிந்து கூறினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமனம் பெற்று, 1750-ல் இங்கே வந்து சேர்ந்தார். கோட்டைகளைப் புதுப்பிப்பதே அவருக்கு இட்ட பணி. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751-ம் ஆண்டு ஜூலை 29-ம் நாள் காய்ச்சலுக்கு இரையானார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நிலையில், கையில் எழுதுகோலுடன் உயிர் துறந்தார் என்பர். இன்று உலகமெங்கும் குண்டின் வேகத்தை அளப்பவர்கள் அனைவரும் கெடிலக் கரையில் மறைந்த இம்மனிதரின் வழித்தோன்றல்களே.

வேட்டைக்காரர்கள் இந்த அறிவைக் கைக்கொள்ள மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் வாய்வழியாகவே கெட்டித்தார்கள். மருந்தை அளந்து கொட்டி, குண்டைத் துணியில் பொதிந்து வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு வெடியும் சுடுபவன் தன் கையாலேயே கட்டிய வெடிதான். ஆதலால் அளவில் பிழை நேர்ந்தால் அதற்கு வேறு எவரையும் குறை கூற இயலாது. இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1840-ல் தமக்கெனச் செய்வித்துக்கொண்ட துப்பாக்கியின் எடை 21 ராத்தல். அதற்கு ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து வேண்டும். 16 டிராம் ஓர் அவுன்சு ஆகும். யானையை நிறுத்த வேகம் போதாதபோது பளுவைக் கூட்டுவது அக்காலத்து முறை. அப்பளுவைத் தோளில் சுமந்து மலையேறுவதற்குத் துணையாட்கள் வேண்டியிருந்தது.

பளுவைக் கூட்டாமல் பயனைப் பெருக்க முடியாதா என்று முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர், மத்திய மாகாணத்துக் காடுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத் என்ற படை அதிகாரி. வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் பற்றி 1863-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய வாதத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். குழலை விட்ட கணம் முதல் எந்தக் குண்டும் பூமியை நோக்கி விழத் தொடங்குகிறது. கரிமருந்தால் உந்தப்பட்ட உருண்டைக் குண்டு 100 கஜத்தைக் கடக்க ஏறத்தாழ கால் நொடி ஆகும். அதற்குள் அது ஓரடி கீழே விழுந்துவிடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் இருபது, முப்பது கஜம் தவறினாலும், மானின் நெஞ்சில் பட வேண்டிய குண்டு காலில் படும். காட்டில் நூல் பிடித்துத் தூரம் அளக்க எவருக்கும் நேரம் கிடையாது. எனவே, குண்டு கூடியமட்டும் நேர்கோட்டில் செல்லுமாறு வேகத்தை மிகுவிக்க வேண்டும் என்றார் ஃபோர்சைத். குழலின் வரிகளை மிக மெதுவாகத் திருகும்படி வெட்டினால், மருந்தை மிகுதியாக இட்டாலும் உருண்டைக் குண்டு வரியைவிட்டு நழுவாது என்பது அவர் கண்ட வழி. இங்கிலாந்தில் பர்டி என்ற துப்பாக்கிச் செய்வினைஞர் இதே நோக்கத்தோடு இலேசான குண்டையும் மிகுந்த மருந்தையும் இணைத்து, விரைவு இரயிலின் பெயரால் 'எக்ஸ்பிரஸ்' என அழைத்தார்.

இந்த முயற்சிகள் அனைத்தையும் தாண்டிச் சென்றது புகையில்லா மருந்து. 1884-ல் பிரெஞ்சு நாட்டு வியேயி அதனைக் கண்டுபிடித்தார். 1889-ல் ஏபெல், டூவார் என்ற இரு விஞ்ஞானிகள் பிரிட்டனுக்கெனக் கார்டைட் என்ற வகையை உருவாக்கினர். நூல்கயிறுகளைப் போன்ற அதன் இழைகளே அப்பெயருக்குக் காரணம். தமிழ்நாட்டுக்கு இதிலும் பங்குண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் குன்னூருக்கு அண்மையில் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து அதற்கு மின்விசை கிடைத்தது. தென்னாட்டின் முதல் நீர்மின் முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

குளிர் நாட்டில் பிறந்த கார்டைட், வெப்ப நாட்டில் தன் குணத்தை மாற்றிக்கொண்டது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நைட்ரோகிளிசரின். வெயிலில் சூடேறினால் அது விரைந்து எரியும். இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த அளவு, சித்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் மிகையாகிவிடும். குழலில் அழுத்தம் மிகுந்தால் பித்தளைக் கூடு விரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். காயம்பட்ட விலங்கு பாய்ந்து வருகையில் வெற்றுக்கூடு வெளிவராவிட்டால், வேட்டைக்காரன் கையில் இருப்பது வெறும் தடி. இதனை அனுபவத்தால் அறிந்த தோட்டாச் செய்வோர், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்து, வெப்ப நாட்டிற்கு உரியவை எனப் பெட்டியின்மேல் அச்சிட்டார்கள். 1911-ல் ரிக்பி நிறுவனம் '416' என்ற தோட்டாவின் கூட்டை வேண்டுமென்றே பெரிதாக அமைத்ததற்கும், அழுத்தத்தைக் குறைவாக வைத்து வெப்பத்தின் தொல்லையைத் தவிர்ப்பதே நோக்கம். ஓரிடத்தில் சோதித்த அளவை வேறோரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது என்ற பாடத்தை இவ்வாறு வெயில் கற்பித்தது.

புகையில்லா மருந்தின் மற்றொரு பயன் இலேசான துப்பாக்கி. சிறிய குண்டை மிகுந்த வேகத்தில் அனுப்ப முடிந்ததால், 21 ராத்தல் எடைக்கு அவசியம் இல்லாமற் போயிற்று. ஒருவன் தானே தூக்கிக்கொண்டு நாள் முழுதும் மலையில் நடக்கக்கூடிய ஏழு, எட்டு ராத்தல் துப்பாக்கிகள் வந்தன. ஆயினும் இலேசு என்பது இலவசமாகக் கிடைப்பதன்று. குண்டும் மருந்தும் மாறாதிருக்கத் துப்பாக்கியின் எடை மட்டும் பாதியானால், அது பின்னோக்கி உதைக்கும் வேகம் இரு மடங்காகும். உதைக்கு அஞ்சும் தோள் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் சுருங்கும், குறி தவறும். மெல்லிய குழல் இரண்டு மூன்று வெடிகளிலேயே சூடேறி, குண்டு விழும் இடத்தை மாற்றிவிடும். மழைக்காலத்தில் ஈரத்தை உண்டு உப்பும் கட்டை, கோடையில் சுருங்கிக் குழலை வேறு பக்கம் அழுத்தும். எனவே கனமான துப்பாக்கியைவிட இலேசான துப்பாக்கிக்கே சோதனை மிகுதியாக வேண்டும். காட்டில் பயன்படுவது பெரும்பாலும் குளிர்ந்த குழலின் முதல் வெடியே. ஆகவே நாள்தோறும் ஒரு வெடி வீதம் சில நாட்கள் சுட்டு, அம்முதல் வெடிகள் எங்கே விழுகின்றன என்று பார்ப்பதே நேர்மையான பரீட்சை.

சோதிக்காத துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. 1907-ம் ஆண்டு குமாவுன் மலைநாட்டுச் சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண்புலியை ஜிம் கார்பெட் எதிர்கொண்டார். அவரிடம் மூன்றே தோட்டாக்கள் இருந்தன, அவை தீர்ந்தன. ஓடிச் சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்து, மிக அருகிலிருந்து புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். பட்டதோ அதன் பாதத்தில். குழலுக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்த பழைய துப்பாக்கி அது. முன்னரே பட்ட காயங்களால் புலி இறக்கும் தறுவாயில் இருந்ததே கார்பெட்டைக் காத்தது. அவ்வேட்டைக்காக அன்றைய ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்தது '275' ரிக்பி. இலேசான வேட்டைத் துப்பாக்கிகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுவது அதுவே.

அக்கதையில் மேலும் ஒரு செய்தி உண்டு. அது பலரால் மறக்கப்பட்டது. இறந்த புலியின் வாயைக் கார்பெட் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேற்பல்லும் கீழ்ப்பல்லும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டின் விளைவு அது. தன் இயற்கையான இரையைக் கொல்ல இயலாமற் போனதால்தான் அப்புலி மனிதரைத் தேடியது என்பது கார்பெட்டின் முடிவு. சரியான இடத்தில் படாத ஒரே குண்டு ஓர் ஆட்கொல்லியை உண்டாக்கியது. அந்த ஒரு வெடிக்கு விலையாகச் சென்ற உயிர்கள் எத்தனை! குறி பார்த்துப் பழகாமல் காட்டில் நுழைவது தன் திறமைக் குறைவு மட்டுமன்று. அது பிறர் உயிரோடு விளையாடுவதாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆண்டர்சனும், காயம்பட்ட புலி, சிறுத்தைகளே பெரும்பாலும் ஆட்கொல்லிகளாகின்றன என்று தம் கதைகளில் திரும்பத் திரும்பக் கூறுகிறார். வேட்டை நூலாசிரியர்களிற் பலர் இப்பழியைக் கிராமத்தானின் நாட்டுத் துப்பாக்கிமேல் சுமத்துவதுண்டு. இங்கே நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். 1878-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. பயிரைப் பன்றியிடமிருந்து காக்க வேண்டிய குடியானவனுக்குக் கிட்டியது வாய்வழிக் கெட்டிக்கும் பழங்குழல் ஒன்றே. மருந்து அருமை, ஈயம் அருமை. வெடிக்கு வெடி கணக்குப் பார்ப்பவன் பலகையில் சுட்டுப் பழகுவது எங்ஙனம்? அவன் கெட்டித்த அளவு குறைந்திருந்தால் அதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. சட்டமும் வறுமையும் சேர்ந்தே அந்த அளவைக் குறைத்தன. நல்ல துப்பாக்கியும் போதிய தோட்டாவும் பெற்றிருந்தும் சோதிக்காமல் சுட்ட கனவான்களின் பொறுப்போ அதனினும் பெரிது.

சட்டம் துப்பாக்கியின் உருவத்தையும் மாற்றியமைத்தது. எல்லைப்புறக் குழுக்களிடம் இருந்த படைத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா சென்று சேரும் என அஞ்சி, '450' அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவில் இறக்குமதி செய்வதைப் பிரிட்டிஷ் அரசு 1907-ல் தடுத்தது. உடனே இங்கிலாந்தின் நிறுவனங்கள் '465', '470', '475' எனப் புது அளவுகளைப் படைத்தன. இந்தியாவின் ஓர் ஆணைக்காக உலகத்து வேட்டைத் துப்பாக்கிகளின் அளவுகளே மாறின. விடுதலைக்குப் பின் வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை வேட்டைக்கெனச் செய்த துப்பாக்கியும் இவ்வகையில் பிறந்ததே. படையின் '303' அளவைப் பொதுமக்களுக்கு அளிக்கலாகாது என்பதால், அதே அமைப்பில் '315' என்ற வேறு அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது.

தோட்டாவைத் தானே கட்டிக்கொள்ளும் கலை அமெரிக்காவில் வீட்டுத் தொழிலாக வளர்ந்ததும், இங்கே வளராமற் போனதும் ஒரு சிறு பித்தளை மூடியைப் பொறுத்த கதை. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடியில் இரண்டு முறைகள் உண்டு. இரண்டும் 1860-களில் தோன்றியவை. ஆங்கிலேயரான பாக்சர் கண்ட முறையில், கூட்டின் நடுவே ஒரே துளை உண்டு. எரிந்த மூடியை ஓர் ஊசியால் தள்ளி எடுத்துவிடலாம். அமெரிக்கரான பெர்டன் கண்ட முறையில் ஓரத்தில் சிறு துளைகள் உண்டு. மூடியை எடுப்பது கடினம். விந்தை யாதெனில், ஆங்கிலேயர் முறையை அமெரிக்கா ஏற்றது. அமெரிக்கர் முறையைப் பிரிட்டிஷ் வேட்டைத் தோட்டாக்கள் ஏற்றன. அதனால் அமெரிக்க வேட்டைக்காரன் சுட்ட கூட்டையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தித் தன் துப்பாக்கிக்கு ஏற்ற அளவைத் தேடினான். நம் நாட்டில் பெட்டியில் வந்த தோட்டாவே கதி. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபின் அதுவும் அரிதாயிற்று.

இன்று அக்கலையைப் பயில்வோர் வெளிநாடுகளில் கையாளும் முறை ராபின்சின் முறையின் நேர்வழி வாரிசு. பழைய கூட்டைத் துப்புரவாக்கி, பழைய உருவுக்குக் கொணர்ந்து, புது மூடி பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, குண்டை ஒரே ஆழத்தில் அமர்த்துகிறார்கள். தோட்டாச் செய்வோர் வெளியிடும் அட்டவணையின் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுகிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் சில வெடிகளை 100 கஜத்துப் பலகையில் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்க்கிறார்கள். ஆடும் பலகையின் இடத்தில், குண்டு கடக்கும் நிழலைக் கண்டு வேகத்தைக் கணிக்கும் மின்கருவி அமர்ந்திருக்கிறது. பல துப்பாக்கிகளில் மிகுந்த வேகம் தரும் அளவு ஒன்றாகவும், துளைகளை நெருங்கச் செய்யும் அளவு வேறொன்றாகவும் இருக்கக் காண்கிறார்கள். அறிந்தவர்கள் வேகத்தை விட்டு நெருக்கத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். வலிமையைவிட ஒழுங்கே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம் என்பதை இங்கே நினைவூட்டுதல் தகும். ஆகவே நம்மவர்க்கு இது செய்முறைப் பாடமன்று; வரலாற்றுப் பாடமே.

வேட்டையும் நம் நாட்டில் வரலாறாகிவிட்டது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முடிவுக்குக் கொணர்ந்தது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பற்றி அதிகாரிகள் ஆராய்ந்து எழுத்து மூலம் ஆணையிட்டாலன்றிச் சுட இயலாது. திருமலையைச் சூழ்ந்த காடுகள் 1989-ல் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவாயின. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. இச்சாப்பூரின் துப்பாக்கியும் காட்டைவிட்டு, உரிமம் பெற்றோரின் வீட்டுக் காவலுக்கு வந்துவிட்டது. இலக்குப் பலகை மட்டும் நிலைத்தது. ஒருகாலத்தில் வேட்டைக்கு முன்னுரையாக இருந்த அந்தப் பயிற்சியே இன்று தனி விளையாட்டாகி, ஒலிம்பிக் பந்தயங்களில் நம் நாட்டு இளைஞர்களுக்குப் பதக்கங்களை ஈட்டித் தருகிறது.

ஆயினும் மலையில் அச்சம் முற்றும் ஒழிந்ததென்று கூற முடியாது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையில் ஒரு சிறுமி சிறுத்தையால் உயிரிழந்தாள். நாடே வருந்தியது. ஆண்டர்சனின் காலமாக இருந்திருந்தால் மறுநாளே பரண்கள் எழுந்திருக்கும். பல துப்பாக்கிகள் வெடித்திருக்கும். காயத்தோடு தப்பிய சிறுத்தைகள் சில காட்டுக்குள் மறைந்திருக்கும். இம்முறை அவ்வாறு நிகழவில்லை. வனத்துறையினர் கண்காணிப்புக் கருவிகளை வைத்து நடமாட்டத்தை அறிந்தனர். கூண்டுகளை அமைத்துச் சிறுத்தைகளை உயிரோடு பிடித்தனர். நடந்து செல்லும் பக்தர்களுக்குக் கைத்தடிகள் வழங்கப்பட்டன.

கருவி மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை. எந்த விலங்கு, எங்கே செல்கிறது, எது குற்றமுடையது, எது குற்றமற்றது என்பதை முன்னரே அளந்தறிந்து பின்னர்ச் செயற்படுவதுதான் அக்கடமை. கெடிலக் கரையில் கண் மூடிய கணித அறிஞர் ஆடும் பலகையைக் கொண்டு கற்பித்ததும், சம்பாவத்துப் புலியின் உடைந்த பற்கள் கற்பித்ததும் இதுவே. வண்டி ரேணிகுண்டாவை நெருங்குகையில் அம்மலைகளைக் காணும் நம் மக்கள், அவற்றில் வாழ்ந்த புலிகளோடு, அளவறியாது கெட்டித்த ஒரு பிடி மருந்து எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்பதையும் எண்ணிப் பார்ப்பார்களாக.